மொட்டைக் கழுத்துப் புறா

கூட்டத்துக்கு வந்தவர்கள் நான்கு பேர். பம்பு நிலையத்தில் கைவைத்த நாற்காலி ஒன்றுதான் உண்டு. அதில் புறா சுடுவோர் சங்கத்தின் தலைவரும் பட்டாணி வயல்களின் சொந்தக்காரருமான மிஸ்டர் மால்ட்பி. எண்ணெய்ப் பீப்பாயின் மேல் கோணியை மடித்துப் போட்டுக்கொண்டு கசாப்புக் கடை ரெக் லீக். ஜன்னலோர மேசையில், குறிப்புப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, செயலாளர் சிரில் ஆட்லிங். கதவுக்குப் பக்கத்தில், பொம்மைப் புறாக்கள் கிடந்த சாக்குமூட்டையை ஒட்டித் தரையில் குந்தியிருந்தவன் கோலின் டானட். சுவரோரமாக ஒரு மடக்கு நாற்காலி விரித்தபடி காலியாக இருந்தது. அது வில்ஃப் கிரம்மிட்டின் இடம். வில்ஃப் வரமாட்டார் என்று தெரிந்தும், மற்ற ஏற்பாடுகளைச் செய்துகொண்டிருந்த சிரிலின் கை பழக்கத்தில் அதையும் விரித்துவிட்டது. பிறகு மடிக்க மனம் வரவில்லை.

சிரில் இதையெல்லாம் வரிசையாக எழுதிக்கொண்டார். வியாழக்கிழமை, மே 27, பிற்பகல் மூன்று மணி. வராதவர்: வி. கிரம்மிட், கண் சிகிச்சை காரணமாக. ‘கண்’ என்று எழுதும்போது பேனா கொஞ்சம் நின்று போயிற்று.

மிஸ்டர் மால்ட்பி போலீஸ் இன்ஸ்பெக்டரின் கடிதத்தை மூக்குக் கண்ணாடிக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

“நம்ம அபிப்பிராயத்தைக் கேக்கிறாங்க. எட்டாம் தேதி நடந்ததுல கோலின் சங்க விதியை மீறினானா இல்லையா. மீறினான்னு நாம சொன்னா அவன் துப்பாக்கிச் சான்றிதழ் போயிடும். மாசக் கடைசிக்குள்ள பதில் போகணும்.”

“போனா?” என்றார் ரெக்.

“துப்பாக்கி இல்லாத புறாக்காரனை வச்சு நான் என்ன பண்றது? வேற ஆள் பாக்கணும். வர்றவனுக்கு நீ இருக்கிற அந்த வீட்டைத்தான் குடுக்கணும். நான் ஒண்ணும் கெட்டவன் இல்ல, கோலின். உனக்கே தெரியும்.”

“தெரியும், மிஸ்டர் மால்ட்பி,” என்றான் கோலின். அவனுக்கு இருபத்தொன்பது வயது. மனைவிக்கு ஏழாம் மாதம்.

லிங்கன்ஷயரின் அந்தத் தாழ்நிலத்தில் ஏப்ரல், மே வந்தால் காட்டுப்புறாவோடு சண்டைதான். பட்டாணி இரண்டு இலை விட்டதும் முந்நூறு நானூறாக வந்து இறங்கி, குருத்தைக் கிள்ளிவிட்டுப் போய்விடும். துரத்தினால் அடுத்த வயல், அங்கே துரத்தினால் மறுபடி இதே வயல். ஆகவே வயலில் பொம்மைப் புறாக்களை மேய்வது போலப் பரப்பி வைத்து, வலையும் தழையும் கட்டிய மறைப்புக்குள் துப்பாக்கியோடு உட்கார்ந்துகொள்வார்கள். மேலே பறக்கிற கூட்டம், கீழே சொந்தக்காரர்கள் நிம்மதியாகத் தின்கிறார்கள் என்று நம்பி இறங்கும்.

மற்ற ஊர்களில் அந்தப் பொம்மைகளைக் கடையில் வாங்குவார்கள். இந்த மார்டைக் கிராமத்தில் சிரில் செய்வார். மரத்தில் செதுக்கிய அச்சின் மேல் செய்தித்தாளைக் கிழித்து மாவுப்பசையில் நனைத்து ஏழு அடுக்கு ஒட்டுவார். காய்ந்ததும் இரண்டாக அறுத்து, அச்சை உருவிவிட்டு, திரும்ப ஒட்டி, ஆளி எண்ணெய் பூசி ஊறவைப்பார். வயிற்றுக்கடியில் பழைய நாற்காலியிலிருந்து பிடுங்கிய ஒரு ஸ்பிரிங், அதன் கீழ் ஒரு குச்சி. காற்று லேசாக வீசினால் போதும், முப்பத்திரண்டு பறவையும் தலையாட்டித் தலையாட்டி மேயும். முதுகுக்குச் சாம்பல் நிறம், மார்புக்குப் பழைய ஒயின் கறை நிறம். வெயிலில் மினுங்காதிருக்க இரண்டிலும் அடுப்புக்கரியைப் பொடித்துக் கலப்பார்.

கரி கலக்க முடியாதது ஒன்றுதான். வளர்ந்த காட்டுப்புறாவின் கழுத்தில் இரு பக்கமும் வெள்ளைத் திட்டு இருக்கும். வெள்ளையில் கரி போட்டால் அது வெள்ளையாக இருக்காது.

குஞ்சுப் புறாவுக்கு அந்த வெள்ளை கிடையாது. அதை வைத்துத்தான் மார்டைக் சங்கம் தன் விதியைச் செய்துகொண்டிருந்தது. இரண்டு மறைப்புகளிலிருந்து இரண்டு பேர் சுடும்போது, பரப்பிய புறாக்களுக்கு நடுவே ஒரே ஒரு பறவையை மட்டும் வெள்ளை தீட்டாமல் வைப்பார்கள். அதற்குப் பெயர் மொட்டைக் கழுத்து. அதற்கு இந்தப் பக்கம் இவனுக்கு, அந்தப் பக்கம் அவனுக்கு. துப்பாக்கி எதைத் துரத்திக்கொண்டு போனாலும் மொட்டைக் கழுத்தைக் கண்டதும் நின்றுவிட வேண்டும். புறா காற்றை எதிர்த்துத்தான் மேயும் என்பதால், காற்று மாறும்போதெல்லாம் பொம்மைகளைப் பிடுங்கித் திருப்பி நட வேண்டியிருக்கும். ஆகவே எது எங்கே நின்றது என்று யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. மொட்டைக் கழுத்தைத் தேடுவார்கள்; ஒன்று கண்ணில் பட்டால் அதுதான் எல்லை, வேறு தேடமாட்டார்கள். பதினாறு வருடமாக ஒரு கீறல் கூட விழாமல் காப்பாற்றிய விதி அது.

எட்டாம் தேதி காலை பத்து மணிக்குக் காற்று மாறியது. சிரில் போய்ப் புறாக்களைத் திருப்பி நட்டுவிட்டு வந்தார். பதினொன்றே கால் வாக்கில் ஒரு புறா தாழப் பறந்து இடப்பக்கமாகப் போயிற்று. கோலின் உட்கார்ந்தபடியே துப்பாக்கியை அதன் கூடவே திருப்பிச் சுட்டான். கால்வாய் வளைவில் இருந்த மறைப்பிலிருந்து வில்ஃபின் அலறல் கேட்டது. முகத்தில் ஐந்து ரவை. இடது கண் போயிற்று.

“மொட்டைக் கழுத்து எனக்கு இன்னும் தள்ளித்தான் இருந்தது, நான் அதைத் தாண்டவே இல்ல” என்று கோலின் அன்றே சொன்னான். மறுநாள் போலீஸ்காரர் சாக்கைக் கொட்டி எண்ணினார். முப்பத்திரண்டு புறா. மொட்டைக் கழுத்து ஒன்றே ஒன்று. அதன் குச்சி மட்டும் தடித்தது; அது நின்ற இடத்தின் துளையும் வயலில் அப்படியே இருந்தது. கோலின் அதைத் தாண்டி எட்டுத் தப்படி தூரம் சுட்டிருந்தான்.

“நீ எதாவது சொல்லணும்னா இப்பவே சொல்லிடு கோலின்,” என்றார் மால்ட்பி. “சிரில் எழுதிக்குவார்.”

கோலின் சாக்கின் கயிற்றை முறுக்கிக்கொண்டிருந்தான்.

“மூணு வாரமா ஒரே விஷயத்தைத்தான் சொல்லிட்டிருந்தேன். மொட்டைக் கழுத்தைப் பாத்தேன், பாத்தேன்னு. இப்ப எனக்கே தெரியல. நான்தான் தப்பாப் பாத்திருக்கணும். நேத்து டிராக்டர்ல வந்தேன். தெற்கு வயல் கேட்டு தொறந்துதான் கிடந்தது. இருந்தாலும் இறங்கிப் போய், நிஜமாவே தொறந்திருக்கான்னு கையால தொட்டுப் பாத்துட்டு வந்தேன். இப்பல்லாம் எதையும் தொட்டாத்தான் நம்பிக்கை வருது.”

 ரெக் தொண்டையைக் கனைத்தார்.

“அப்ப எழுதிடு சிரில். உன் கையெழுத்துல கெட்ட சேதி கூட கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கும்.”

சிரிக்க வைக்கத்தான் சொன்னார். சிரிப்பு வரவில்லை. கோலின் விதியை மீறினான் என்று எழுதி, நாளை மாலைத் தபாலில் அனுப்ப வேண்டும் என்று முடிவானது. போகும்போது கோலின் சாக்கைத் தூக்கி மூலையில் நேராக வைத்துவிட்டு, “வர்றேன், மிஸ்டர் ஆட்லிங்” என்றான். சிரிலால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. குறிப்புப் புத்தகத்தையே பார்த்துத் தலையசைத்தார்.

ஏனென்றால் அவன் தப்பாகப் பார்க்கவில்லை என்பது சிரிலுக்குத் தெரியும். உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

ஏப்ரலில் புறாக்கள் சங்கத்து வயலுக்கு மேல் வந்து வந்து திடீரென்று விலகிப்போயின. கழுத்து வெள்ளை மினுங்கியதுதான் காரணம். “சிரிலு, உன் புறாவுக்கெல்லாம் என் மாமியார் பல்செட்டை மாட்டி விட்டிருக்கியா? அரை மைல்லயே பளபளங்குது!” என்று ரெக் கடை வாசலில் நாலு பேர் இருக்கும்போது கேட்டார். சிரில் வீட்டுக்கு வந்து யோசித்தார். எண்ணெய் கலந்த வெள்ளைப் பூச்சுக்குப் பதிலாகச் சீமைச்சுண்ணாம்பைப் பொடித்து மாவுப்பசைத் தண்ணீரில் குழைத்தார். பழைய வெள்ளையைச் சுரண்டிவிட்டு மூன்று பறவைகளின் கழுத்தில் மட்டும் பூசினார். செய்முறைப் புத்தகத்தில் எழுதியும் வைத்தார்: ‘மே 6. மூன்று பறவைகள், சோதனைக்காக. மினுக்கம் இல்லை. நன்று.’ சரியாக வந்தால் ரெக்கிடம் காட்டலாம் என்றிருந்தார். யாரிடமும் சொல்லவில்லை.

எட்டாம் தேதி பத்தரையிலிருந்து பதினொன்றரை வரை தூறியது.

வில்ஃபை ஆம்புலன்சில் ஏற்றியபின் சிரில்தான் புறாக்களைப் பொறுக்கிச் சாக்கில் போட்டு வந்தார். பம்பு நிலையத்தில் கொட்டியபோது, மொட்டைக் கழுத்தைத் தவிர இன்னும் மூன்று கழுத்துகள் வெறுமையாக இருந்தன. கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. எண்ணெய் வெள்ளை டப்பாவைத் திறந்து மூன்றுக்கும் தீட்டி, தூரிகையைக் கழுவி வைத்தார். எந்தப் பொருளும் குறையோடு அலமாரிக்குத் திரும்பக் கூடாது என்பது அவர் வழக்கம். அப்போது அவர் எதையும் மறைக்கவில்லை. எதையும் நினைக்கவே இல்லை. மறுநாள் போலீஸ்காரர் “முப்பத்தொண்ணு வெள்ளை, ஒண்ணு மொட்டை” என்று எண்ணி முடித்தபோதுதான், தான் என்ன செய்திருக்கிறோம் என்பது உச்சந்தலையில் இறங்கியது. அப்போது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. அன்று திறக்காத வாய் மறுநாள் இன்னும் கனத்துப் போயிற்று.

வெள்ளிக்கிழமை காலை சிரில் சங்கத்துக்காக எழுதிய கடிதத்தை அனுப்பவில்லை. முதலில் நிச்சயப்படுத்திக்கொள்ள வேண்டும். ஒரு பறவையின் கழுத்தைச் சுரண்டி, அதே பொடி, அதே பசை, அதே அளவில் குழைத்துப் பூசி, காயவைத்து, பம்பு நிலைய முற்றத்தில் நட்டார். பக்கத்தில் மழைமானியை வைத்தார். வடிகால் வாரியத்துக்காக முப்பது வருடமாகத் தினமும் காலை ஒன்பது மணிக்கு அவர் பார்க்கிற அதே மழைமானி. எட்டாம் தேதிக்கான பதிவு அவர் கையெழுத்திலேயே இருந்தது: 0.06 அங்குலம். பூவாளியை உயரத் தூக்கிப் பிடித்து, மெல்ல மெல்ல, ஒரு மணி நேரம் விட்டுவிட்டுத் தெளித்தார். பாதி அளவு சேர்வதற்குள்ளேயே வெள்ளை ஒரு கோடாக வழிந்து மார்பில் இறங்கியது. அந்த 0.06 அங்குலம் நிறைந்தபோது கழுத்து முழுக்கச் சாம்பலாகிவிட்டது.

முப்பது தப்படி தள்ளிப் போய்த் திரும்பிப் பார்த்தார். அப்பழுக்கில்லாத மொட்டைக் கழுத்து.

பிற்பகல் அந்த மூன்று பறவைகளில் ஒன்றைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு வில்ஃபின் வீட்டுக்குப் போனார். வாசலில் காலைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

“உள்ள வாடா,” என்று வில்ஃபின் குரல் வந்தது. “இந்த ஊர்ல ரெண்டு தடவை காலைத் துடைக்கிறவன் நீ ஒருத்தன்தான். கண்ணு வேற வேணுமா அதைக் கண்டுபிடிக்க?”

வில்ஃப் ஜன்னல் பக்கம் முகம் திருப்பி உட்கார்ந்திருந்தார். கட்டு சிறியதாகியிருந்தது. அவர் மனைவி எட்னா தேநீர் வைக்கப் போனாள். சிரில் உட்காரவில்லை. பறவையை மேசையில் வைத்து, பேனாக்கத்தியால் கழுத்து வெள்ளையைக் கீறிக் காட்டினார். மேலே எண்ணெய்ப் பூச்சு தோலாக உரிந்தது. அடியில், காகித மடிப்புகளுக்குள், சுண்ணாம்புத் தூள் இருந்தது. வில்ஃபின் விரலைப் பிடித்து அதைத் தொட வைத்தார். பிறகு ஏப்ரலிலிருந்து ஆரம்பித்து, தேதி வாரியாக, ஒன்றும் விடாமல் சொன்னார்.

அடுப்பில் கெட்டில் கொதித்து அலறியது. எட்னா அதை இறக்கவில்லை.

“முப்பது வருஷமா மழையை அளக்கிற,” என்றார் வில்ஃப் கடைசியாக.

“ஆமா.”

“எங்க கல்யாணத்தன்னிக்கு, நீ மாப்பிள்ளைத் தோழன், ஒம்பது மணிக்கு அதை அளந்துட்டுத்தான் சர்ச்சுக்கு வந்த.”

“ஆமா.”

“மழை வரும்னு உனக்குத் தோணல?”

“தோணல, வில்ஃப். மினுக்கம்தான் மனசுல இருந்தது. வேற எதுவும் தெரியல.”

எட்னா கெட்டிலை இறக்கிவிட்டு வந்தாள். “அதை விடுங்க. மறந்துபோறது மனுஷனுக்கு சகஜம். போலீஸ்காரர் எண்ணினப்ப நீங்க அங்கதானே நின்னீங்க? ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன வந்தது?”

“பயமா இருந்தது.”

“ஜெயிலுக்கா?”

“இல்ல.” சிரில் வில்ஃபைப் பார்த்தார். “இவனுக்குத் தெரிஞ்சிடுமேன்னு.”

வில்ஃபின் ஒற்றைக் கண் ஜன்னலுக்கு வெளியே நிலைத்திருந்தது. பேசியபோது குரல் தணிந்திருந்தது.

“மூணு வாரமா அந்தப் பையனை நான் வாய்க்கு வந்தபடி திட்டிட்டிருக்கேன். அவன் பொண்டாட்டி வயித்தைத் தூக்கிட்டு முட்டை கொண்டு வந்தா. எட்னா கதவையே தொறக்கல. அவ அந்தக் கூடையோட எவ்வளவு நேரம் நின்னுட்டுப் போனா தெரியுமா? கண்ணு போனதுக்கு நான் உன்னை என்ன கேக்க முடியும்? உன் கை வேணும்னு செய்யல. ஆனா அந்த முட்டைக்கு நீ பதில் சொல்லியே ஆகணும்.”

“இன்ஸ்பெக்டருக்கு எழுதப் போறேன்.”

“போறேன் என்ன போறேன். இங்கயே உக்காந்து எழுது. எழுதி வாசி. நான் கேக்கணும்.”

சிரில் உட்கார்ந்தார். எட்னா மேசைத் துணியை ஒதுக்கி, மைக்கூடும் தாளும் கொண்டுவந்து வைத்தாள். அவர் எழுதினார், எழுதியதை நிதானமாக வாசித்தார்.

“‘ஐயா, மே எட்டாம் தேதி நிகழ்ச்சி தொடர்பாகத் தாங்கள் சங்கத்திடம் கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். பொம்மைப் புறாக்கள் மூன்றின் கழுத்து வண்ணம் மழையில் கரைந்தது பின்னர் தெரியவந்தது…’”

“நிறுத்து,” என்றார் வில்ஃப். “தெரியவந்ததா? யாருக்குத் தெரியவந்தது? தானா நடந்து வந்து சொல்லிச்சா?”

சிரில் அந்த வரியை அடித்தார். வேறு தாளில் மறுபடி ஆரம்பித்தார். அடித்த வரியோடு ஒரு கடிதத்தையும் அவர் இதுவரை அனுப்பியதில்லை; அன்று நான்கு தாள் வீணாயிற்று. ஐந்தாவது தாளில் இப்படி இருந்தது: ‘அந்த வண்ணத்தைப் பூசியவன் நான். அது மழையில் கரையும் என்பதைச் சோதித்துப் பார்க்காதவன் நான். கரைந்ததைக் கண்ணால் பார்த்து, மறுபடி தீட்டியவனும் நான். தங்கள் காவலர் எண்ணியபோது அருகில் நின்று பேசாமலிருந்தேன். கோலின் டானட் சொன்னது முழுவதும் உண்மை. அவன் கண்ட இடத்தில் ஒரு மொட்டைக் கழுத்து இருந்தது. அவன் விதிக்குள் நின்றே சுட்டான். மழைப் பதிவின் நகலையும் இன்று காலை செய்த சோதனையின் விவரத்தையும் இணைத்திருக்கிறேன். அப்படித் தீட்டிய மூன்று பொம்மைப் பறவைகளில் ஒன்று வி. கிரம்மிட் வசம் உள்ளது. செயலாளர் பொறுப்பிலிருந்து விலகுகிறேன்.’

வில்ஃப் கேட்டு முடித்தார்.

“கடைசி வரி எதுக்கு? அது இன்ஸ்பெக்டருக்கு வேண்டாத சேதி. மால்ட்பிக்குத் தனியா எழுது.”

அதையும் எடுத்துவிட்டு ஆறாவது தாளில் படியெடுத்தார். கையெழுத்துப் போட்டார். எட்னா இழுப்பறையில் தேடி ஒரு தபால்தலை எடுத்து நீட்டினாள். நீட்டியபடியே கொக்கியில் தொங்கிய மேல்கோட்டை மாட்டிக்கொண்டாள். சமையலறையிலிருந்து ஒரு வெறும் கூடையை எடுத்துக் கையில் கோத்தாள்.

“எங்க?” என்றார் வில்ஃப்.

“முட்டை வாங்க,” என்றாள். கதவு சாத்திக்கொண்டது.

 சிரில் தாளை மூன்றாக மடித்தார். விளிம்புகள் ஒட்டி நிற்கின்றனவா என்று பார்த்து, கொண்டுவந்திருந்த நகலோடும் விவரத்தோடும் உறைக்குள் செருகினார்.

“ஞாயித்துக்கிழமை சீட்டாட வராத,” என்றார் வில்ஃப்.

“சரி.”

“கோபத்துல சொல்லல. உன் குரலைக் கேட்டா அந்த அலறல் காதுல வருது. கொஞ்ச நாள் ஆகட்டும்.”

“எவ்வளவு நாள்?”

“அளந்து சொல்றதுக்கு இது என்ன மழையா?”

சிரில் எழுந்தார். பறவை மேசையிலேயே இருந்தது; ஸ்பிரிங் இன்னும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. வில்ஃப் கையை நீட்டித் தடவி அதன் தலையைப் பிடித்து நிறுத்தினார்.

தபால் வண்டி நாலே முக்காலுக்கு வரும். பாலத்தடியில் சுவரில் பதித்த தபால்பெட்டிக்கு சிரில் நாலரைக்கே வந்துவிட்டார். உறை இன்னும் ஒட்டப்படாமல் கையில் இருந்தது. எதிர்க்கரையில், டானட் வீட்டு வாசலில் ஒரு கூடையோடு இரண்டு பெண்கள் தெரிந்தார்கள். ஒருத்தி அழுகிறாளா பேசுகிறாளா என்று இந்தத் தூரத்திலிருந்து சொல்ல முடியவில்லை. கோலினின் டிராக்டர் தெற்கு வயலிலிருந்து வந்துகொண்டிருந்தது. கேட்டை நெருங்கியதும் நின்றது. அவன் இறங்கினான். நடந்து போனான். கையை வைத்துப் பார்த்தான்.

சிரில் உறையின் ஓரத்தை நாவால் நனைத்து, மடக்கி, பெட்டியின் இரும்பு மேல் வைத்துக் கட்டைவிரலால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அழுத்தித் தேய்த்தார். வண்டி வந்து நின்றது. தபால்காரர் பெட்டியைத் திறந்து நான்கைந்து கடிதங்களை அள்ளிப் பையில் போட்டுவிட்டு, “அதையும் குடுங்க, மிஸ்டர் ஆட்லிங்,” என்று கையை நீட்டினார்.

கொடுத்தார்.